மரத்துக்கு ஒப்பந்தம் உண்டு

போளூர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வக்கீல் நான். சட்டம் முடித்த பிள்ளைகள் வந்து, "சார், ஐ.நா.வில் மனித உரிமை வேலைக்குப் போகணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பதுண்டு. மேலே ஜவ்வாது மலையில் அந்த வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லித்தான் அனுப்புவேன்.

கதை சந்தனத்தில் தொடங்குகிறது. இந்த மலைச் சந்தனத்துக்குப் பெயர் இருந்தது. திருப்பத்தூரில் வனத்துறை கிடங்கே வைத்திருந்தது. கடத்தலில் மரம் அருகிப்போனது. கோடாரி பிடித்த கை மட்டும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் மிஞ்சியது. சாமை விளையும் மானாவாரி நிலம் வருஷம் முழுக்கச் சோறு போடாது. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களைச் செம்மர மேஸ்திரிகள் தேடி வந்தார்கள். வெட்ட வேண்டிய மரம் ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில். வாங்குபவர்கள் சீனாவிலும் ஜப்பானிலும்.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே அந்தக் காட்டில் ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள், இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள்.

ஒரு சாட்சி இல்லாமலிருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். கூடப் போனவர்களைப் பஸ்ஸிலிருந்து போலீஸ் இறக்கியபோது, தன் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததால் கணவன் மனைவி என்று எண்ணித் தன்னை விட்டுவிட்டார்கள் என்றார் தப்பி வந்த ஒருவர். பஸ்ஸில் பிடிபட்டவன் காட்டில் எப்படிக் கல்லெறிந்தான்? போலீஸ் சொன்ன கதையை உலுக்கியது அந்தக் கேள்விதான். 1995-இல் ஹென்றி திபேன் மதுரையில் தொடங்கிய மக்கள் கண்காணிப்பகம் என்ற மனித உரிமை அமைப்பு சாட்சிகளை அந்த ஏப்ரலிலேயே தில்லிக்கு அழைத்துப்போய், தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நிறுத்தியது. பலியான ஒருவரின் மனைவி மறு உடற்கூறாய்வு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம், சிபிஐ விசாரணை என்று மே மாதம் ஆணையம் பரிந்துரைத்தது. ஆந்திர அரசு தன் மாநிலத்துக்கான உயர் நீதிமன்றத்தில் அதற்குத் தடை வாங்கியது.

இதில் ஜெனீவாவிலிருக்கும் ஐ.நா. எங்கே வருகிறது என்பார்கள் பிள்ளைகள். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உலக உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் குழுவிடம் தனிநபர் நேரே புகார் செய்ய வழிவிடும் விருப்ப நெறிமுறையில் சேரவில்லை. ஆகவே மலைக்காரர் ஒருவர் அந்தக் குழுவின் படியேற முடியாது. மிஞ்சுவது, சட்டவிரோதக் கொலைகளுக்கென 1982 முதல் இருக்கும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதும் வழி. வெட்டப்பட்ட செம்மரத்துக்கோ அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 1973-ஆம் ஆண்டு ஒப்பந்தம் இருக்கிறது; 1995-இல் அதன் இரண்டாம் பட்டியலில் சேர்ந்துவிட்டது. கட்டை எந்தத் துறைமுகத்தில் பிடிபட்டாலும் அதைக் கேட்க ஆள் உண்டு. வெட்டியவனுக்கு ஒரு பரிந்துரை, அதற்கும் தடை.

அறிக்கையாளருக்கு எழுதினாலும் ஆணையத்துக்கு எழுதினாலும் அடிப்படை முதல் சில நாளில் வாங்கும் வாக்குமூலம். அதை வாங்குவது தனிக் கலை. மலைக்குப் போய், பலியானவரின் வீட்டாரிடம் "எத்தனை மணிக்குக் கிளம்பினார்?" என்று கேட்டால் பதில் வராது. "ஜமுனாமரத்தூர் முதல் பஸ் போயிடுச்சா?" என்று கேட்க வேண்டும். மேஸ்திரி என்ன முன்பணம் கொடுத்தான், எந்தச் சட்டை போட்டுப் போனார், கடைசியாக எந்த நம்பரிலிருந்து பேசினார் என்று ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கேட்டதை அவர்கள் பேச்சிலேயே எழுதி, படித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்க வேண்டும். நாம் அழகுபடுத்தி எழுதிய வரியைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் உடைப்பார்.

ஒரு மாணவி, "பிரெஞ்சு படிக்கிறேன் சார், ஐ.நா.வுக்கு உதவும்" என்றாள். படிம்மா என்றேன். கூடவே தெலுங்கும் படி. ஆந்திராவில் பிடிபடும் நம் ஆளின் எஃப்ஐஆர் அந்த மொழியில்தான் வரும். மலையில் அதைப் படித்துச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.