‘போதும்’ என்ற சைகை: குளிர்நீர் சிகிச்சையின் வரலாறு தரும் பாடம்



கடந்த ஆண்டு கத்திரி வெயில் நாள்களில் ஒரு நாள், ளுஹர் தொழுகையை முடித்துக்கொண்டு விக்கிரமங்கலம் கடைத்தெரு வழியாக வந்துகொண்டிருந்தோம். கட்டட வேலையில் இருந்த இளைஞர் ஒருவர் திடீரென்று சாய்ந்து விழுந்தார். உடல் அனலாகக் கொதித்தது, பேச்சு குழறியது. ஒருவர் சோடா வாங்க ஓடினார். மற்றொருவர் ஆட்டோவைத் தேடினார். நாம் அவருடைய நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, துஆ ஓதியபடி நின்றோம். மரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர்தாம் தம் குடத்தைத் தூக்கி வந்து, “தள்ளி நில்லுங்கய்யா, காத்து வரட்டும்” என்று சொல்லி, அவர் தலையிலும் மார்பிலும் நீரை ஊற்றினார், முந்தானையால் விசிறினார். அந்த இளைஞர் பிழைத்துக்கொண்டார். போகும் முன்பே உடலைக் குளிர்வித்தது பேருதவியாயிற்று என்று மருத்துவர் கூறியதாகப் பின்னர் அறிந்தோம். அல்ஹம்துலில்லாஹ்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. காய்ச்சலின் வெப்பத்தைத் தண்ணீரால் தணிக்கச் சொல்லும் ஹதீஸை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். அறிவிப்பாளர் வரிசையையும் மனனமாகச் சொல்வோம். ஆனால் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. அந்த வெட்கமே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஐயூப் (அலை) அவர்களின் ஊற்று

குளிர்ந்த நீர் நோய்க்கு நிவாரணமாக அமைந்த செய்தியை அல்குர்ஆனிலேயே காண்கிறோம். நெடுங்காலம் துன்பத்தில் பொறுமை காத்த ஐயூப் (அலை) அவர்களுக்கு, காலால் பூமியைத் தட்டுமாறு இறைவன் கட்டளையிட்டான். குளிப்பதற்கும் குடிப்பதற்கும் உரிய குளிர்ந்த நீர் அங்கே வெளிப்பட்டது என்பதை ஸாத் அத்தியாயத்தின் 42ஆம் வசனம் உணர்த்துகிறது. புறத்தே குளிர்ச்சி, அகத்தே குளிர்ச்சி என இரண்டும் ஒருங்கே அருளப்பட்டன.

மதீனாவில் ஏழு தோல்பைகள்

காய்ச்சலைத் தண்ணீரால் தணிக்கும் வழிகாட்டலை ஆயிஷா (ரலி), இப்னு உமர் (ரலி), ராஃபிஉ பின் கதீஜ் (ரலி) முதலானோர் அறிவித்துள்ளனர். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களிடம் காய்ச்சல் கண்ட பெண்களை அழைத்து வந்தால், அவர்கள் துஆச் செய்து, அப்பெண்களின் கழுத்தருகே ஆடைக்குள் நீரை ஊற்றுவார்கள். வெற்றுடலில் நீரைக் கொட்டாமல், நோயாளியின் மானமும் காக்கப்பட்ட சிகிச்சை அது.

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு (கி.பி. 632) நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயுற்றிருந்தபோது நடந்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் விரிவாக அறிவிக்கிறார்கள். வாய்க்கட்டு அவிழ்க்கப்படாத ஏழு தோல்பைகளின் நீரைத் தம்மீது ஊற்றுமாறு நபியவர்கள் கேட்டார்கள். ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்குரிய தொட்டி ஒன்றில் அவர்களை அமரவைத்து நீர் ஊற்றப்பட்டது. ஒரு கட்டத்தில், போதும் என்று கையால் சைகை செய்தார்கள். பின்னர் மக்களிடம் சென்று தொழுகை நடத்தி உரையாற்றினார்கள்.

இந்த நிகழ்ச்சியில் ஏழு என்ற எண்ணைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தச் சைகையை மறந்துவிடுகிறோம். எவ்வளவு ஊற்றுவது என்பதை நோயாளியின் உடலே அங்கு முடிவு செய்தது.

குளிர்நீர் ஆபத்தாகும் இடம்

அதே நபிவழியில் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவொன்றில் அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையாயிற்று. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தொழுதார்கள். உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்னும் கருத்துடைய குர்ஆன் வசனத்தைக் காரணமாக எடுத்துரைத்தபோது, நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள்; கண்டிக்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி நெஞ்சை உலுக்குவது. பயணத்தில் ஒருவருக்குக் கல்லால் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்பதல்லவா என்பது அந்தக் கண்டிப்பின் சாரம். அபூதாவூத் நூலில் இது இடம்பெற்றுள்ளது.

ஆக, ஒரே நீர் ஒருவருக்கு நிவாரணம், மற்றொருவருக்கு மரணம். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று கேட்காமல் ஊற்றுவது சுன்னத்தாகிவிடாது.

மருத்துவ மேதைகள் வகுத்த நிபந்தனைகள்

பின்வந்த முஸ்லிம் மருத்துவர்கள் இந்தக் கேள்விகளைத்தாம் விரிவாக ஆராய்ந்தார்கள். அபூபக்ர் அர்ராஸீ, காய்ச்சல் கடுமையாக இருந்து, உடல்வலிமை குன்றாமலும் வயிற்றுக்குள் வீக்கம் இல்லாமலும் இருந்தால் குளிர்ந்த நீர் அருந்துவது பயன் தரும் என்றார். உடல் செழிப்பாகவும் பருவம் வெப்பமாகவும் இருந்து, குளிர்நீர்க் குளியல் பழக்கமும் இருந்தால் குளிக்க அனுமதித்தார்.

இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் குளிர்நீர்க் குளியலுக்குத் தனி இடம் ஒதுக்கினார். வயது, வலிமை, உடலமைப்பு, பருவம் ஆகியவை பொருந்தினால் மட்டுமே அது ஏற்றது என்றார். குழந்தைகள், முதியோர், செரிமானக் கோளாறும் வயிற்றுப்போக்கும் உள்ளோர் ஆகியோரை விலக்கினார். உடற்பயிற்சிக்குப் பின் உடலை உறுதிப்படுத்தக் குளிர்நீரைப் பயன்படுத்துவதையும் குறிப்பிட்டார். இன்று விளையாட்டு வீரர்கள் பனிக்கட்டித் தொட்டியில் இறங்குவதைப் புதுமை என்று நினைக்கிறோம். அதன் அடிப்படைக் கருத்து ஆயிரம் ஆண்டுகளாக ஏட்டில் இருக்கிறது.

ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த இப்னுல் கய்யிம் அவர்கள் ‘ஸாதுல் மஆத்’ நூலில் காய்ச்சல் ஹதீஸை விளக்கும்போது, அது ஹிஜாஸ் மக்களையும் அவர்களையொத்த பகுதியினரையும் நோக்கிய வழிகாட்டல் என்றார். அங்கு காணப்பட்ட காய்ச்சல்களில் பெரும்பாலானவை வெயிலின் கடுமையால் வருபவை. அவற்றுக்குக் குளிர்நீர் பருகுவதும் குளிப்பதும் பயன்தரும் என்பது அவரது விளக்கம். ஹதீஸை ஏற்பதோடு நில்லாமல், அது எந்த நோய்க்குரியது என்றும் கேட்டறிந்த மார்க்க அறிஞரின் நிதானத்தை இதில் பார்க்கிறோம்.

சென்னைக் கடற்கரையில் இறங்கிய பனிக்கட்டி

நம் நாட்டில் குளிர்ச்சி நீண்டகாலம் அரண்மனைப் பொருளாகவே இருந்தது. அக்பரின் அவையில் வெடியுப்புக் கரைசலால் குடிநீரைக் குளிர்வித்த முறையை அபுல் ஃபஸ்ல் ‘ஆயினே அக்பரி’யில் எழுதியுள்ளார். லாகூருக்கு மலைப்பகுதிகளிலிருந்து பனி கொண்டுவரப்பட்டது. எளிய மக்களுக்கு மண்பானையும் கிணற்று நீருமே குளிர்ச்சி.

1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் அனுப்பிய கப்பல், ஏரிகளில் அறுத்தெடுத்த சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதங்கள் கழித்துக் கல்கத்தாவை அடைந்தது. மரத்தூள் போன்ற வெப்பக்காப்புப் பொருள்கள் சூழ அடுக்கப்பட்டிருந்ததால் சுமார் 100 டன் கரையாமல் எஞ்சியது. 1840களில் சென்னைக் கடற்கரையிலும் பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. அதுவே ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் அதே கட்டடம். திருவல்லிக்கேணிப் பக்கம் செல்லும் நம் மக்கள் இன்றும் அப்பகுதியை ஐஸ் ஹவுஸ் என்றுதான் அழைக்கிறார்கள்.

கடல் கடந்த அந்தப் பனிக்கட்டி பானங்களுக்கு மட்டும் பயன்படவில்லை. காய்ச்சல் நோயாளிகளுக்காகவும் மருத்துவர்கள் அதை நாடினார்கள். 1870களில் இந்தியாவிலேயே இயந்திரங்களால் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் இறக்குமதி மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தது. ஒரு காலத்தில் சீமான்களுக்கு மட்டும் கிடைத்த பொருள் இன்று நம் ஊர் மீன்கடையிலும் கிடைக்கிறது.

இன்றைய அறிவும் நம் கடமையும்

எளிதில் கிடைப்பதால் அளவு மறந்துபோகிறது. நம் மாணவர் ஒருவர் காய்ச்சலில் படுத்தபோது, வீட்டார் இரண்டு கம்பளிகளால் போர்த்தி, சன்னலையும் அடைத்திருந்தார்கள். அதே தெருவில் கபடி ஆடும் இளைஞர்கள், கைப்பேசிக் காணொளி பார்த்து, தண்ணீர்ப் பீப்பாயில் பனிக்கட்டியைக் கொட்டி, ‘சுன்னத்தான சிகிச்சை’ என்று சொல்லி உட்கார்ந்தார்கள். இரண்டுமே கேட்காமல் செய்தவை.

கடும் பயிற்சிக்குப் பின் குளிர்நீரில் சற்று நேரம் இருப்பது தசைவலியைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. தசையை வளர்க்கும் பளுப் பயிற்சிக்குப் பின் வழக்கமாக அப்படிச் செய்தால், அந்த வளர்ச்சியே குறையலாம் என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. திடீரென்று கடுங்குளிர் நீரில் இறங்கினால் மூச்சு திணறும். இரத்த அழுத்தம் உயரும். இதய நோயாளிகளுக்கு அது ஆபத்து. சுளுக்குக்கு ஓய்வும் பனிக்கட்டி ஒத்தடமும் கட்டும் என்ற முறையை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பனிக்கட்டி குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். தவறு தெரிந்ததும் திருத்திக்கொள்வது அறிவுடையோர் பண்பு.

கிருமியால் வரும் சாதாரணக் காய்ச்சலில் குழந்தையைப் பனிநீரில் குளிப்பாட்டக் கூடாது. நடுக்கம் உடல்வெப்பத்தை மேலும் கூட்டும். மெல்லிய ஆடை, போதிய நீராகாரம், மருத்துவர் சொல்லும் மருந்து ஆகியவை போதும். வெப்பவாதம் வேறு. உடல்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைக் கடந்து, நினைவு தடுமாறும் நிலையில், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நிழலுக்கு மாற்றி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். 108ஐ அழைக்க வேண்டும். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் நிறைந்த நம் அரியலூர் மாவட்டத்தில், வெயிலில் உழைப்போர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம்.

இப்னுல் கய்யிம் அவர்கள் சொன்ன வெயில் நோய்க்கு மிக நெருக்கமானதுதான் அன்று நம் கடைத்தெருவில் கண்டது. ஹதீஸை அறிந்த நாம் நின்றோம். அறியாத மூதாட்டி செயல்பட்டார். இளைஞர் கண் திறந்து தலையசைத்ததும் அவர் ஊற்றுவதை நிறுத்தினார் என்பதும் நினைவிருக்கிறது.

இந்தக் கோடையில் நம் மத்ரஸா வாசலில் இரண்டு மண்பானைகளும் ஒரு வாளியும் வைத்துள்ளோம். ஹதீஸ் பாடம் அந்தப் பக்கத்திற்கு வரும்போது மாணவர்களை வாசலுக்கு அழைத்துச் சென்று, நீரை எப்போது ஊற்றுவது, எப்போது நிறுத்துவது, யாரிடம் கேட்பது என்பதைச் சொல்லித்தருகிறோம். உங்கள் பள்ளிவாசலிலும் இதைச் செய்யலாம்.

அறிந்ததைச் செய்யவும், அறியாததைக் கேட்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.