நாயோடு நடக்கும்போது அதன் கவனம் நம்மிடம் இருக்க: ஹனோவர் வாழ் எம்மவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹனோவர் நகருக்குள்ளால் ஓடும் ஆற்றின் பெயர் லைன. நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் வாருக்கும் யேர்மன் மொழியில் அதே சொல்தான். எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. "லைனய எடுத்தாச்சோ?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நாயோடு வெளிக்கிடுவது இப்போது எம்மவர் வீடுகளிலும் காணக்கூடிய காட்சி.

ஊரில் எங்களுக்கு நாய் புதிதல்ல. ஆனால் வார் புதிது. ஊர் நாய் வளவுக்குள் காவல் நிற்கும், படலை திறந்திருந்தால் ஒழுங்கை முழுக்கச் சுற்றிவிட்டுச் சோற்று நேரத்துக்குத் திரும்பி வரும். அதை வாரில் பிடித்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருந்ததில்லை. அதனால் அந்தப் பழக்கம் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ எங்களுக்குக் கிடைக்கவும் இல்லை. இங்கே தொடர்மாடி வீட்டில் நாய் வளர்ப்பவருக்கு அது இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

பல வீடுகளில் கதை ஒரே மாதிரித்தான் போகும். பிள்ளைகள் அழுது அடம்பிடித்து நாய் வாங்குவார்கள். "நாங்கள்தான் கூட்டிக்கொண்டு போவோம்" என்று சத்தியமும் செய்வார்கள். பனிக்காலம் வந்ததும் பள்ளிக்கூடம், பயிற்சி, பரீட்சை என்று ஆளுக்கொரு பக்கம் போக, வார் அம்மம்மாவின் கையில் வந்து சேரும். அவருக்கு அது நல்லதும்கூட. மொழி தெரியாத ஊரில் வெளியே இறங்கி நாலு பேரின் முகம் பார்க்க அது ஒரு சாட்டு. ஆனால் 25 கிலோ நாய் அணிலைக் கண்டு பாய்ந்தால், உறைந்த நடைபாதையில் விழுபவரும் அவரேதான். இழுக்கும் நாயோடு நடக்கப் பயந்து உலாவைக் குறைத்தால், நாய் வீட்டுக்குள் குழப்படி செய்யும். கடைசியில் "இதை வைச்சிருக்க ஏலாது" என்ற பேச்சு வரும்.

வாரில் ஒழுங்காக நடக்கப் பழக்குவதன் பெறுமதி இங்கேதான் இருக்கிறது. வீட்டில் ஆகப் பலம் குறைந்தவரும் நாயோடு பயமில்லாமல் நடக்க வேண்டும். அந்த இலக்கை வைத்துக்கொண்டே கீழுள்ளவற்றை வாசியுங்கள்.

சட்டம் என்ன எதிர்பார்க்கிறது?

ஹனோவர் நீடர்சாக்சன் மாநிலத்தின் தலைநகர். இந்த மாநிலத்தின் நாய்ச் சட்டப்படி, 2013 யூலை 1 முதல் புதிதாக நாய் வளர்ப்பவர்கள் தமது அறிவை நிரூபிக்க வேண்டும். எழுத்துத் தேர்வு நாயை வாங்குவதற்கு முன்னர், செய்முறைத் தேர்வு வாங்கிய முதல் ஆண்டுக்குள். கடந்த 10 ஆண்டுகளுக்குள் தொடர்ச்சியாக 2 ஆண்டுகள் நாய் வளர்த்தவர்களுக்கு விலக்கு உண்டு. செய்முறைத் தேர்வில் பார்க்கப்படுவது வித்தைகள் அல்ல, அன்றாடச் சூழலில் நீங்கள் நாயை ஆபத்தில்லாமல் கையாள்கிறீர்களா என்பதுதான்.

ஆறு மாத வயதைத் தாண்டிய நாய்க்கு மின்சில்லும் பொறுப்புக் காப்புறுதியும் கட்டாயம். காப்புறுதித் தொகை ஆட்களுக்கு ஏற்படும் பாதிப்புக்குக் குறைந்தது 5,00,000 யூரோ, பொருட்சேதத்துக்குக் குறைந்தது 2,50,000 யூரோ. மாநிலப் பதிவேட்டிலும் நாயைப் பதிய வேண்டும். வளர்ப்பு நாயால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், உங்கள் பக்கத்தில் தவறு இல்லாவிட்டாலும் பொறுப்பு பொதுவாக உங்களையே சேரும்.

ஏப்ரல் 1 முதல் யூலை 15 வரை பறவைகளும் விலங்குகளும் குஞ்சு குட்டிகளோடு இருக்கும் காலம். அப்போது காட்டிலும் திறந்த வெளியிலும் நாய்கள் வாரில்தான் போக வேண்டும். ஏறத்தாழ 640 ஹெக்டேயர் பரப்புள்ள ஐலன்றீட என்ற நகரக் காடு ஹனோவர் நாய்களின் சொர்க்கம் என்றாலும், இந்த மூன்றரை மாதமும் அங்கும் வார்தான். மற்றக் காலங்களில் ஓடித் திரிந்த நாய்க்கு ஏப்ரலில் திடீரென்று வார் போட்டால் அது இழுக்கத்தான் செய்யும். பயிற்சியை மாசிப் பனியிலேயே தொடங்கிவிடுங்கள்.

நாய் ஏன் இழுக்கிறது?

பிடிவாதத்தாலோ, நம்மை மதிக்காததாலோ அல்ல. நாயின் இயல்பான நடை நம்முடையதைவிட வேகமானது. தெருவில் ஒவ்வொரு மரத்தடியும் அதற்கு ஒரு செய்தித்தாள். மூக்கால் வாசிக்கும் அந்தச் செய்தியை நாம் காண்பதில்லை. அது இழுக்கிறது, நாமும் பின்னால் போகிறோம், மரம் வந்துவிடுகிறது. இழுத்தால் போக நினைத்த இடம் கிடைக்கும் என்று அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

எனவே பயிற்சியின் அடிப்படை ஒன்றுதான். இழுப்பதால் எதுவும் கிடைக்காது, நம்மைத் திரும்பிப் பார்த்தால் நல்லது நடக்கும் என்று நாய் தானாகவே கண்டுகொள்ள வேண்டும்.

ஒரே சொல், எல்லோருக்கும்

எம்மவர் வீடுகளில் நாய்க்கு வரும் முதற் குழப்பம் மொழி. அப்பா "வா" என்பார். அம்மா "இஞ்ச வா" என்பார். மகள் "கொம்" என்பாள், மகன் "ஹியர்" என்பான். நாய்க்குத் தமிழும் தெரியாது, யேர்மனும் தெரியாது. அதற்குத் தெரிவது ஓசை மட்டுமே. நாலு ஓசைக்கு ஒரே பொருள் என்று அது தானாக விளங்கிக்கொள்ளாது.

வீட்டார் எல்லோரும் இருந்து மூன்று சொற்களை முடிவு செய்யுங்கள். என்னைப் பார் என்பதற்கு "பார்". சரியாகச் செய்தாய் என்பதற்கு "சரி". போய் மணந்து பார் என்பதற்கு "போ". அம்மம்மாவின் வாயில் இலகுவாக வரும் சொற்களாக இருப்பது நல்லது, ஏனென்றால் வார் அவர் கையில்தான் இருக்கப் போகிறது. ஒரு தாளில் எழுதிக் கதவடியில் ஒட்டிவிடுங்கள்.

படிப்படியாகப் பழக்கும் முறை

முதலில் வீட்டுக்குள். வேறு சத்தம் இல்லாத அறையில் "பார்" என்று ஒருமுறை மட்டும் சொல்லுங்கள். நாய் முகத்தைப் பார்த்த கணமே "சரி" என்று சொல்லி, கடலைப்பருப்பு அளவு தீனி கொடுங்கள். ஒரு விநாடிக்கு மேல் தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. ஐந்து நிமிடம் போதும், நாளுக்கு இரண்டு மூன்று முறை. பத்துத் தடவையில் எட்டுத் தடவை திரும்பிப் பார்க்கத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம்.

தீனியில் கவனம் தேவை. எங்கள் கறிச்சட்டியில் இருந்து எடுத்த இறைச்சித் துண்டு வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு நஞ்சு. முந்திரிகை வற்றல், சொக்கலேற், சைலிற்றோல் சேர்ந்த இனிப்பு ஆகியனவும் அப்படியே. உப்பும் தூளும் போடாமல் அவித்த கோழி இறைச்சி நல்லது. கொடுத்த அளவை அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கதவடியும் படிக்கட்டும். வாரைக் கையில் எடுத்ததுமே துள்ளும் நாய் தெருவிலும் துள்ளும். அது அடங்கி நின்று உங்களைப் பார்க்கும் வரை கதவைத் திறக்க வேண்டாம். முதல் நாள் பத்து நிமிடம் எடுக்கலாம். பொறுங்கள்.

மூன்றாவது, அமைதியான தெரு. வார் தளர்ந்திருக்கும்போது நடவுங்கள். இறுகியதும் நில்லுங்கள். இழுக்கவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம், மரம்போல் நின்றால் போதும். நாய் திரும்பிப் பார்த்து வார் தளர்ந்ததும் "சரி" சொல்லி நடையைத் தொடருங்கள். அடிக்கடி திசையை மாற்றுங்கள். அடுத்து எங்கே திரும்புவீர்கள் என்று தெரியாத நாய் உங்களைக் கவனித்தே ஆக வேண்டும். தானாகவே அது உங்களைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பரிசு கொடுங்கள். அழைக்காமலே வரும் அந்தப் பார்வைதான் உண்மையான கவனம்.

நான்காவது, மணத்தையே பரிசாக்குதல். பத்து எட்டு ஒழுங்காக நடந்தால், மரத்தடியில் "போ" என்று விடுங்கள். மணக்க விடாமல் இழுத்துக்கொண்டு போவது உலா அல்ல. நாய் எதற்காக வெளியே வருகிறதோ அதையே கூலியாகக் கொடுத்தால் தீனியை மெல்ல மெல்லக் குறைக்கலாம்.

ஐந்தாவது, குழப்பம் நிறைந்த இடங்கள். மாஷ்சே ஏரிக்கரையில் ஓடுபவர்கள், சைக்கிள்கள், மற்ற நாய்கள், வாத்துகள் எல்லாம் உண்டு. அங்கே நேராக நடுவில் போய் நிற்க வேண்டாம். தூரத்தில் நின்று தொடங்குங்கள். உங்கள் கையில் உள்ள தீனியை நாய் தொடவே மறுத்தால், அதன் மனம் தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டது என்று பொருள். அப்போது "பார், பார்" என்று கத்திப் பயனில்லை. தீனியை எடுக்கும் தூரம் வரை பின்வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் சில மீற்றர் நெருங்கலாம்.

வாரும் பட்டியும்

பழக்கும் காலத்தில் இரண்டு மீற்றர் அளவான சாதாரண வார் போதும். நீண்டு சுருங்கும் வார் வேண்டாம். அது எப்போதும் சற்று இறுகியே இருப்பதால், இழுத்தால் நீளம் கூடும் என்று நாய் கற்றுவிடும். இழுக்கும் நாய்க்குக் கழுத்துப்பட்டியைவிட மார்பைச் சுற்றிப் போடும் பட்டி நல்லது, தொண்டை நெரியாது. வயதானவர்கள் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நாய் பாய்ந்தால் கையை விடுவிக்க முடியாமல் போகும்.

முள்ளுப்பட்டி போன்ற வலிதரும் கருவிகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவது 2022 சனவரி 1 முதல் யேர்மனியில் தடை. மின்அதிர்ச்சிப் பட்டிகள் தடைக்குள் அடங்கும் என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2006இலேயே தீர்ப்பளித்துவிட்டது. சட்டத்தை விட்டாலும், எதிரே ஒரு நாய் வரும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், வலிக்குக் காரணம் அந்த நாய்தான் என்று நம் நாய் நினைத்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் பலமாகக் குரைக்கும்.

தொழில்முறைப் பயிற்சியாளரிடம் போனால், விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி அனுமதி உள்ளவரா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

"எங்கட நாய் நல்ல இனம்" என்பது போதுமா?

போதாது. 1778இல் தொடங்கிய ஹனோவர் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில், ஆபத்தானவை என்று பட்டியலிடப்பட்ட இன நாய்களையும் கோல்டன் ரிட்ரீவர்களையும் ஒரே சோதனைக்கு உட்படுத்தி ஒப்பிட்டார்கள். ஆக்ரோசமான நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நீடர்சாக்சன் சட்டத்திலும் இன்று இனப்பட்டியல் இல்லை. இனத்தின் பெயரை நம்பிப் பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

குட்டியாக நன்றாக நடந்த நாய், ஆறு மாதத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் மறந்ததுபோல் நடக்கலாம். அது இளவட்டப் பருவம். இரண்டு படி பின்னால் போய் மறுபடியும் தொடங்குங்கள். நன்றாக நடந்த நாய் திடீரென்று மாறினால், வலி ஏதும் உண்டா என்று மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

எதிரே வருபவரையும் நினைப்போம்

இந்த நாட்டில் நாய் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "டேர் டூட் நிக்ஸ்", அதாவது "அது ஒன்றும் செய்யாது". அது செய்யாது என்பது உங்களுக்குத் தெரியும், எதிரே வருபவருக்குத் தெரியாது. நாயைக் கண்டால் நடுங்குபவர்கள் எம்மவரிலேயே எத்தனையோ பேர். படிக்கட்டில் ஆள் வந்தால் நாயைச் சுவர்ப் பக்கம் எடுத்து, "பார்" என்று சொல்லி, அவர் கடக்கும் வரை நில்லுங்கள். கோடையில் கோயிலுக்குச் சேலையோடு இறங்கும் பக்கத்து வீட்டு அன்ரிக்கும், மூன்றாம் மாடியில் இருக்கும் யேர்மன் முதியவருக்கும் அந்த அரை நிமிடம் பெரிய மரியாதை.

1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது வளவில் நாயை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று ஹனோவரில், இழுக்கிறது என்ற ஒரு காரணத்துக்காக ஒரு நாயை லங்கன்ஹாகனில் உள்ள விலங்குக் காப்பகத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லி, நாளுக்கு மூன்று தடவை ஐந்து நிமிடம் ஒதுக்கினால், சில கிழமைகளில் மாற்றம் தெரியத் தொடங்கும். அம்மம்மா வாரை எடுக்கும்போது உங்கள் மனமும் பதறாது.