தி கான் (ஆவணப்படம்)

தி கான், ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சி 2018 ஜனவரியில் ஒளிபரப்பிய மூன்று மணி நேர ஆவணப்படம். அடிலெய்டிலிருந்து டார்வின் வரை 2,979 கிலோமீட்டர் ஓடும் ‘தி கான்’ என்ற சொகுசு ரயிலின் பயணத்தைப் பின்னணிக் குரலின்றிக் காட்டுகிறது. நார்வேயின் என்.ஆர்.கே. 2009இல் பெர்கன்–ஓஸ்லோ ரயில் பயணத்தை ஏழு மணி நேரத்துக்கு மேல் ஒளிபரப்பித் தொடங்கிவைத்த மரபைச் சேர்ந்தது இது. நல்ல வரவேற்பைத் தொடர்ந்து 17 மணி நேர வடிவமும் ஒளிபரப்பானது.

எதுவுமே நிகழாத படம் என்பது இதன்மீது வைக்கத்தக்க முதல் ஆட்சேபம். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் நீளும் பயணத்தை மூன்று மணி நேரமாகச் சுருக்குவதற்கே தேர்வும் தொகுப்பும் தேவை; தெற்கின் வயல்கள் செம்மண் பாலையாகவும், பின்னர் வெப்பமண்டலப் பசுமையாகவும் மாறுவதே இங்கு நிகழ்வு. வேகமான படத்தொகுப்பில் அந்தப் படிப்படியான மாற்றம் புலப்படாது. செல்வர்களின் ரயிலுக்கு இது விளம்பரம்தானே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. பெட்டிகளின் வசதி திரையில் கவர்ச்சியாகவே தெரிகிறது என்பதும் உண்மை. எனினும் திரையில் தோன்றும் எழுத்துகளும் பழைய படங்களும் தொல்குடியினரையும், ரயிலின் பெயருக்குக் காரணமான ‘ஆப்கான்’ ஒட்டகக்காரர்களையும், சீனத் தொழிலாளர்களையும் முன்னிறுத்துகின்றன. 1929இல் வழியிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸை எட்டிய ரயில், 2004இல்தான் டார்வினை அடைந்தது. அத்தனை நெடிய உழைப்பின் வரலாற்றை நிலத்தோடு சேர்த்து உணரப் போதிய நேரம் தருவதாலேயே இப்படத்தின் நிதானம் நியாயம் பெறுகிறது.