ஆறாவது கண்ணாடி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே எல்லாக் கண்ணாடியும் பெல்ஜியம் கண்ணாடிதான். முகம் பார்க்கும் கண்ணாடி பெல்ஜியம், விளக்குக் கூண்டு பெல்ஜியம், ஊறுகாய் ஜாடியின் மூடிகூடச் சில சமயம் பெல்ஜியம் ஆகிவிடும். நான் வாங்கியது உளுத்துப்போன ஒரு ஜன்னல் கதவு. மரம் விறகுக்குத்தான் ஆகும். அதில் மிச்சமிருந்த ஆறு கண்ணாடிகளுக்காக வாங்கினேன். "இடிச்ச வீட்ல வந்தது சார், ஒரிஜினல் பெல்ஜியம்" என்றார் கடைக்காரர். சிரித்துக்கொண்டே பணம் கொடுத்தேன்.

மொட்டைமாடியில் புதிதாகக் கட்டிய சின்ன அறைக்கு அந்த ஆறையும் வைத்து நானே ஒரு ஜன்னல் செய்வது என்று திட்டம். பொறியியல் படித்தவன், அளவெடுத்து மரத்தை அறுக்கத் தெரியாதா என்ன?

முதல் வாரமே ஒன்று போனது. பழைய மக்கு கல்லாக இறுகியிருந்தது. சாக்பீஸ் மாவும் ஆளிவிதை எண்ணெயும் குழைத்துப் பூசுகிற அந்த மக்கு, வயதாக ஆக சிமெண்ட் மாதிரி ஆகிவிடும். சூடு காட்டினால் இளகும் என்று எங்கோ படித்து, சூட்டுக்காற்று இயந்திரத்தை ஒரே மூலையில் பிடித்துக்கொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம்தான். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு ஓடிவிட்டது. கண்ணாடி சூட்டைத் தாங்கும், ஒரு பக்கம் மட்டும் சூடாவதைத் தாங்காது. மற்ற ஐந்தையும் பழைய உளியால், ஆளுக்கு ஒரு மாலை என்று, சுரண்டியே எடுத்தேன்.

கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தபோதுதான் கடைக்காரரை நினைத்துச் சிரித்தது கொஞ்சம் அதிகப்படி என்று பட்டது. பழைய கண்ணாடியின் பரப்பிலேயே அது பிறந்த விதம் எழுதியிருக்கும். வில் மாதிரி வளைந்த கோடுகள் தெரிந்தால், வட்டத் தட்டாகச் சுழற்றி விரித்து அதிலிருந்து வெட்டியது. ஒரே திசையில் வரிவரியாக நேர்க்கோடு ஓடினால் இயந்திரம் இழுத்தது. என்னுடையதில் இரண்டும் இல்லை. ஒழுங்கில்லாத மெல்லிய அலை, அதன் நடுவே அரிசி போல நீண்டு கிடக்கும் காற்றுக் கொப்புளங்கள். ஒரு மனிதன் வாயால் ஊதிய கண்ணாடி.

ஊதினால் உருண்டையோ குழாயோதானே வரும், தட்டை எப்படி வரும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. குழாய்தான் வரும். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழலின் நுனியில் திரட்டி, ஊதி, ஒரு பள்ளத்தின் மேல் நின்று ஊஞ்சல் போல வீசி வீசி நீள உருளையாக்குவார்கள். இரண்டு முனையையும் நறுக்கிவிட்டு, நீளவாக்கில் ஒரு கீறல். அதை மறுபடி உலையில் வைத்தால் இளகி விரியும், மரக்கட்டையால் தேய்த்துத் தட்டையாக்குவார்கள். கிழிந்த பாயை விரிப்பது போல. என் ஜன்னலின் அலை அந்தத் தேய்ப்பின் மிச்சம். (கண்ணாடி ஒரு திரவம், காலப்போக்கில் கீழே வழிகிறது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பு. ஜன்னல் கண்ணாடி ஒரு பக்கம் தடித்திருந்தால், செய்யும்போதே தடித்ததுதான்.)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வேலையின் தலைநகரங்களில் ஒன்று பெல்ஜியத்தின் சார்லுருவா வட்டாரம். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே கண்ணாடி ஆலைகள், அதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு. ஊதுகிறவர்கள்தான் அங்கே தொழிலாளர்களில் ராஜா. அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் வேலை, சுரங்கத் தொழிலாளியைப்போலப் பல மடங்கு கூலி. 1882-இல் தங்களுக்கென்று சங்கமும் வைத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் ஜுமே என்ற ஊரில் யூஜின் போதூ என்ற முதலாளி புது உலை ஒன்றைக் கொண்டுவந்தார். தனித்தனி மண்பானைகளில் உருக்குவதற்குப் பதில், ஒரே பெரிய தொட்டியில் இரவு பகல் நிற்காமல் உருகும் கண்ணாடி. சரக்கு கூடியது, தேவைப்படும் ஆட்கள் குறைந்தார்கள். 1886 மார்ச்சில் லியேஜில் தொடங்கிய கலவரம் இந்தப் பக்கம் பரவியபோது, மார்ச் 26 அன்று கூட்டம் போதூவின் ஆலையைக் கொளுத்தியது. பக்கத்திலிருந்த அவருடைய மாளிகையும் எரிந்தது. கூட்டத்தில் சுரங்கத் தொழிலாளிகளும் இருந்தார்கள், அவர்களுக்குத் தொட்டி உலையோடு ஒரு வழக்கும் இல்லை, பசிதான் வழக்கு. ராணுவம் வந்தது. ரூ என்ற இடத்தில் சுட்டதில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். சங்கத் தலைவர்கள் ஒஸ்கர் ஃபாலர், க்ஸாவியே ஷ்மிட் இருவருக்கும் இருபது ஆண்டு கடுங்காவல். எதிர்ப்பு கிளம்பியதால் சில ஆண்டுகளில் விட்டார்கள். அந்தக் கலவரத்துக்குப் பிறகுதான் அரசு தொழிலாளர் நிலைமையை விசாரிக்கக் குழு போட்டது. 1889-இல் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஆலை வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் வந்தது.

ஊதுகிறவர்களை முடித்தது போதூ இல்லை. அதே வட்டாரத்தில் தாம்ப்ரெமியின் எமில் ஃபுர்கோ. உருகிய கண்ணாடிக்குள் நடுவில் பிளவு வைத்த ஒரு மண்கட்டையை அழுத்தினால் பிளவு வழியாகக் கண்ணாடி மேலே பொங்கும். அதை உருளைகளால் அப்படியே செங்குத்தாக இழுத்துக்கொண்டே போகலாம். முதல் உலகப்போருக்குச் சற்று முன்னால் இது ஆலையில் ஓடத் தொடங்கியது. வாயும் நுரையீரலும் வேண்டியதில்லை. அடுத்த இருபது வருடத்தில் தட்டைக் கண்ணாடி ஊதுகிற தொழில் ஏறக்குறைய ஒழிந்தது.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நாலு வருடத்துக்கு முன் வேலையில் ஒரு தானியங்கிச் சோதனை நிரல் எழுதினேன். நல்ல நிரல். ஆறு மாதத்தில், அதுவரை கையால் சோதித்துக்கொண்டிருந்த நாலு பேர் வேறு இடம் தேடிப் போனார்கள். அதில் ஒரு அக்கா போகும்போது, "உன் கோடு ரொம்ப சுத்தம்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கண்டுபிடித்த பிழைகளின் பட்டியலை வைத்துத்தான் அந்த நிரலையே எழுதினேன்.

சட்டம் செய்யும்போது என் பொறியியல் இரண்டாவது முறை தோற்றது. ஐந்தும் ஒரே அளவு என்று நினைத்து மரம் அறுத்துவிட்டேன். ஒன்றுகூடச் சரியான செவ்வகம் இல்லை. மூலைவிட்டங்களில் நாலு மில்லிமீட்டர் வித்தியாசம், தடிமன் ஒரே கண்ணாடியில் இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர் வரை. பக்கத்துத் தெரு ஆசாரியிடம் போனேன்.

"கண்ணாடிய வெட்டி சரி பண்ணிடலாமாண்ணே?"

"பழசு தம்பி, கீறுனா சொன்ன பேச்சு கேக்காது. மரத்த எடு."

பழைய பர்மா தேக்கு நிலை ஒன்றை அறுத்து, ஒவ்வொரு கட்டத்தின் பள்ளத்தையும் பத்து மில்லிமீட்டர் ஆழமாக எடுத்துக்கொடுத்தார். கோணல் அதற்குள் மறைந்துகொள்ளும், மழைக்கு மரம் ஊதினாலும் கண்ணாடியை நெரிக்காமல் சுற்றிலும் இடம் இருக்கும். எந்தக் கண்ணாடி எந்தக் கட்டம் என்று பென்சிலால் எண் போட்டேன். மக்கை நானே குழைத்தேன், இரண்டு நாள் விரலில் எண்ணெய் வாசனை.

"அஞ்சுதான இருக்கு, ஆறு கட்டம் எதுக்கு?" என்றார் ஆசாரி.

ஆறாவதுக்குக் கடைக் கண்ணாடி வாங்கிப் போட்டேன். உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யும் இன்றைய கண்ணாடி, 1959-இல் பில்கிங்டன் ஆலை அறிவித்த முறை. அதில் அலையே இல்லை. காலையில் ஜன்னலருகே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தால் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஐந்து கட்டத்தில் நெளிகிறது, ஒன்றில் நேராக நிற்கிறது. வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒன்றைத்தான் காட்டி, "இது மட்டும் நல்லா தெளிவா இருக்கே" என்கிறார்கள்.