கவி (கிழக்கிலங்கை முஸ்லிம் நாட்டார் பாடல்)

அம்பாறைக் கரையோரத்தில் கல்முனை, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் வாய்மொழியாக வழங்கிவந்த, பெரும்பாலும் நான்கடியில் அமையும் காதற்பாட்டு. ஆண்களும் பாடியதுண்டு, எனினும் நிறைவேறாத ஆசையைப் பெண்குரலில் சொல்லும் கவிகளே இதன் உயிர். முறைப்பையனான மச்சானை நேரில் பார்த்துப் பேசக் கூசுகிறவள், பாட்டில் அவனிடம் கெஞ்சுகிறாள், ஏசுகிறாள், கேலியும் செய்கிறாள். மணமானபின் மாப்பிள்ளை பெண்வீட்டில் குடியேறும் வழக்கமுள்ள சமூகம் இது. ஆகவே அவள் ஏக்கம் அவன் தன் வாசலுக்கு வருவதைப் பற்றியது.

உலகின் வேறிடங்களிலும் இந்தக் கூச்சம் கலையாகியிருக்கிறது. ரிசா வாத்தயாவின் நாவலைத் தழுவி அகிகோ ஓகு 2017இல் இயக்கிய ஜப்பானிய நகைச்சுவைப் படத்தின் நாயகி யோஷிகா, பள்ளிக்காலக் காதலைப் பத்தாண்டுகள் மனத்துக்குள்ளேயே வளர்க்கிறாள். கவியின் பெண்ணுக்கோ பாட்டு இருந்தது. தன் பெயர் வெளிப்படாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட முடிந்தது. இந்தத் துணிச்சலே கவியின் பேரழகு.

கல்முனைக்குடியின் எம்.ஏ. நுஃமான், நிந்தவூரின் எஸ். முத்துமீரான் போன்றோரின் உழைப்பால் இக்கவிகள் அச்சேறின.