லயத்தில் பிறந்த லயம்

'லயம்' என்னும் சொல்லுக்கு மலையகத்தில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இசைநூலார் கூறும் காலப்பிரமாணம். மற்றது, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடு. ஆங்கிலச் சொல்லொன்று நம்மவர் நாவில் இவ்வாறு உருமாறிற்று. இந்த இரண்டாவது லயத்தில் பிறந்த பாடல்களின் முதலாவது லயத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்தோருள் முன்னிற்பவர், மடகொம்பரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை. அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. அழிய இருந்த சொற்கள் அதனால் பிழைத்தன. ஆயினும் அச்சு சொல்லை மட்டுமே காட்டும். எந்தக் காலத்தில், எந்தச் சுருதியில், எந்த உணர்வோடு பாடினார்கள் என்பதை அது காட்டாது. இயற்றிய பாட்டுக்களை அச்சிட்டோர் தலைப்பின் கீழே இன்ன மெட்டு என்று குறித்தார்கள். நாட்டார் பாடலுக்கு அவ்வாறு குறிப்பார் இல்லை. பாடியவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையையும் யாழையும் சேர்த்து வைத்தார். நிலம் மாறினால் தாளமும் பண்ணும் மாறும் என்பது கருத்து. பழந்தமிழ்க் குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை. நமது மலைக்குத் தப்பு. 1820களில் தொடங்கி, கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழியே வந்த கருவி அது. ஈரப் பனியில் தோல் தளர்ந்துவிடும்; தீயில் காய்ச்சினால்தான் சுருதி ஏறும். விடியுமுன் பிரட்டுக்கு அழைத்தது தப்பு. கலியாணத்துக்கும் சாவுக்கும் ஒலித்ததும் அதுவே. அடி மட்டும் வேறு. லயத்துக்குள் இருந்தவர்கள் அடியைக் கேட்டே செய்தியை அறிந்தார்கள்.

பசிபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவினர் தம் மரபுப் பாடலை 'மெலே' என்பர். ஆட்டமின்றி ஓதுவது 'ஓலி'; ஆட்டத்தோடு வருவது 'ஹூலா'. நம் பாடல்களையும் இவ்வாறு பகுத்து நோக்கலாம். கும்மிக்குக் கையும் காலும் தாளம். தெம்மாங்கு அடியை நீட்டி எடுக்கும். ஒரு மலையில் நிற்பவர் அடுத்த மலைக்குக் கேட்கப் பாடினால் குரல் உயர்ந்துதானே ஆகவேண்டும்! தாலாட்டோ தாழ்ந்த குரலில், தொட்டில் ஆடும் வேகத்தில் நடக்கும். ஒப்பாரிக்கு மூச்சுத்தான் தாளம். உச்சத்தில் எடுத்த குரல் படிப்படியாய் இறங்கி விம்மலில் முடியும்.

தாலாட்டு என்றால் நீலாம்பரி, ஒப்பாரி என்றால் முகாரி என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். அது வசதியான விடையேயன்றி முழு விடையன்று. நான்கைந்து சுரங்களுக்குள்ளேயே நாட்டார் பாடல் பெரும்பாலும் நிறைவு பெறும். உணர்வை அங்கே பிரித்துக் காட்டுவது காலமும் குரலெடுப்பும். மாசி மாதக் காமன் கூத்தில் இதனைக் காணலாம். ரதி மன்மதன் கலியாணத்தில் துள்ளிய தப்பு, மன்மதன் எரிந்தபின் நடை மாறுகிறது. ரதியின் புலம்பல் எழுகிறது. பார்ப்பவரும் உடன் அழுவர்.

வரலாறு இந்தப் புலம்பலுக்கு இன்னொரு களத்தையும் தந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாறு போனவர்களை மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. இறந்தவருக்காகப் பாடும் பாட்டு, உயிரோடு போகிறவர்களுக்காக மேடையில் எழுந்தது. லயத்து முற்றத்தில் ஒப்பாரி பாடுபவர்க்கு அவசரமில்லை. ஆனால் கோச்சி காத்திராது. அந்த அவசரத்தில் பாட்டின் நடை என்னவாயிற்று, குரல் எங்கே முறிந்தது என்பதை எந்த ஏடும் சொல்லவில்லை.

வகுப்பில் ஒப்பாரியை மாணவர் செய்யுள் போல வாசிக்கும்போது எனக்கு இதுவே நினைவுக்கு வருகிறது. பொருள் விளங்குகிறது, பாட்டு விளங்குவதில்லை. இன்று ஒவ்வொரு மாணவரின் கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி இருக்கிறது. பாட்டிமார் சிலர் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். சொல்லை எழுதிக்கொள்வதோடு நில்லாமல், பாடச் சொல்லிக் கேளுங்கள். யாருக்காக, எப்போது பாடியது என்றும் கேட்டு அதனுடன் பதிந்து வையுங்கள்.