குதிரை இல்லாத பந்தயம்

எங்கள் குழுவில் ஒருவனின் மூத்தவாப்பா எழுபதுகளில் கொழும்பில், புறக்கோட்டைப் பக்கம் ஒரு புடவைக் கடையில் நின்றவர். அவர் மௌத்தாகி ஆறு வருடம். போன நோன்புப் பெருநாளைக்கு முன்னர் வீட்டைத் துப்புரவாக்கும்போது அவருடைய தகரப் பெட்டிக்குள் இருந்து ஒரு சி.ஆர். கொப்பி வந்தது. கடைக் கணக்காக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம். திறந்து பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்ட நிரல்கள்: திகதி, ஊர், குதிரையின் பெயர், ஜொக்கியின் பெயர், எத்தனையாவதாக வந்தது, கட்டிய காசு, கிடைத்த காசு. ஊரெல்லாம் இங்கிலாந்து ஊர். நியூமார்க்கெட், எப்சம், டொன்கஸ்டர், யோர்க். எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில், அவ்வளவு நேர்த்தியாக எழுதி வைத்திருக்கிறார். எங்கட விரிவுரைக் குறிப்புகள் கூட அப்படி இல்லை.

மூத்தம்மாவிடம் கொண்டு போய்க் காட்டினோம். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அந்தாளு குதிரையக் கண்ணால கண்டதே இல்ல மனே, மாட்டத்தான் கண்டிருக்காரு" என்றா. நாங்கள் சிரித்துவிட்டோம். அவ சிரிக்கவில்லை.

அவ சொன்னது எவ்வளவு சரி என்பது கொஞ்சம் வாசித்த பிறகுதான் விளங்கியது. குதிரைப் பந்தயத்தை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவர்கள் ஆங்கிலேயர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலிமுகத் திடலில் ஓடிய குதிரைகள் 1893 இல் கறுவாத்தோட்டத்து மைதானத்துக்கு மாறின. நுவரெலியாவில் 1875 முதல் பந்தயம். இரண்டாம் உலகப் போர் வந்தபோது கொழும்பு மைதானத்தை விமான ஓடுபாதை ஆக்கினார்கள். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அங்கிருந்தும் ஹரிகேன் போர் விமானங்கள் எழும்பின. அப்படியொரு ஓடுபாதை அங்கே இருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. போர் முடிந்து குதிரைகள் திரும்பி வந்தன, ஆனால் நீண்ட நாளைக்கு அல்ல. 1956 இல் பண்டாரநாயக்க அரசாங்கம் வந்த பிறகு கொழும்பில் பந்தயம் நின்றுபோனது. பார்வையாளர் மாடம் பிறகு பல்கலைக்கழகப் பாவனைக்குப் போனது. இப்போது அங்கே கடைத்தொகுதியும் றக்பி மைதானமும். நுவரெலியாவில் மட்டும் ஏப்ரல் வசந்த காலத்தில் குதிரை ஓடுகிறது.

ஆக, குதிரை போய்விட்டது. பந்தயம் போகவில்லை. ரேஸ் புக்கிக் கடைகள் இருந்தன. இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இங்கே காசு கட்டலாம். மூத்தவாப்பா கொழும்புக்குப் போனபோது அந்த மைதானத்தில் குதிரை நின்று கிட்டத்தட்ட இருபது வருடம். அவர் பார்த்ததெல்லாம் ரேஸ் பேப்பரும், கவுண்டரும், சுவரில் ஒட்டிய முடிவுகளும்தான்.

கொப்பியை மறுகா மறுகா புரட்டியதில் ஒரு விசயம் பிடிபட்டது. ஏழு நிரல் இருக்கிறது, எட்டாவதாக இருக்க வேண்டிய ஒன்று இல்லை. விலை. எந்தக் குதிரை வரும் என்று இரவிரவாக யோசித்து எழுதியவர், என்ன விலைக்கு அதை வாங்குகிறோம் என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை.

விலை என்று நாங்கள் சொல்வது ஒட்ஸைத்தான். 1790களில் நியூமார்க்கெட்டில் ஹரி ஒக்டன் என்பவர், ஓடுகிற ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி விலை கூவி நின்றாராம். முதல் புக்கி அவர்தான் என்று சொல்கிறார்கள். அதுவரை பந்தயம் என்பது பெரும்பாலும் இரண்டு பேர் தங்களுக்குள் பிடிக்கிற பந்தயம். புக்கி வந்த பிறகு அது சந்தை ஆகிவிட்டது. 4/1 என்றால் ஒரு ரூபா கட்டினால் நாலு ரூபா இலாபம். அந்த விலைக்குள் ஒரு கணிப்பு ஒளிந்திருக்கிறது: ஐந்து தடவை ஓடினால் ஒரு தடவை வெல்லும், அதாவது நூற்றுக்கு 20.

ஐந்து குதிரை ஓடுகிற ஒரு பந்தயத்தை எடுப்போம். விலைகள் 6/4, 3/1, 4/1, 4/1, 9/1. கணிப்பாக மாற்றினால் 40, 25, 20, 20, 10. கூட்டிப் பாருங்கள், 115 வரும். ஒரு பந்தயத்தில் யாரோ ஒருத்தர்தானே வெல்லப் போகிறார், உண்மையான கூட்டுத்தொகை நூறைத் தாண்ட முடியாது. மிச்சம் 15 தான் புக்கியின் கடை வாடகை, சம்பளம், இலாபம் எல்லாம். இந்த விலைகளுக்கு ஏற்ற அளவில் எல்லாக் குதிரையிலும் காசு விழுந்தால், எது வென்றாலும் புக்கிக்குக் கவலை இல்லை: 115 வாங்கி 100 கொடுப்பார்.

அப்படியென்றால் யாருமே வெல்ல முடியாதா? முடியும், ஆனால் கேள்வியை மாற்ற வேண்டும். சாய்ந்தமருதுக் கடற்கரையில் மீன் ஏலம் நடக்கும்போது நல்ல மீன் என்பதற்காக எந்த விலைக்கும் யாரும் கேட்பதில்லை. இந்த விலைக்கு எடுத்தால் சந்தையில் என்ன மிஞ்சும் என்றுதான் வியாபாரி பார்ப்பார். குதிரையும் அப்படித்தான். 4/1 விலையில் இருக்கிற குதிரை உண்மையில் நூற்றுக்கு 25 தடவை வெல்லக்கூடியது என்று வையுங்கள். நூறு ரூபாப்படி நூறு தடவை கட்டினால் போகிற காசு 10,000. 25 வெற்றிக்கும், கட்டிய காசோடு சேர்த்து, 500 படி 12,500 வரும். அந்தக் குதிரை எழுபத்தைந்து தடவை தோற்கிறது, இருந்தும் 2,500 இலாபம். அதே குதிரை உண்மையில் 17 தடவைதான் வெல்லும் என்றால் வருவது 8,500. ஆயிரத்து ஐந்நூறு நட்டம். ரேஸ்காரர்கள் "வெலியூ" என்று சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான். எது வெல்லும் என்பது பாதிக் கேள்வி, மற்றப் பாதி விலை.

மூத்தவாப்பாவின் கொப்பியில் அந்தப் பாதி ஏன் இல்லை? மறதி இல்லை. அவர் கட்டியது "ஸ்டார்ட்டிங் பிரைஸ்" முறையில் என்று கொப்பியிலேயே தெரிகிறது. குதிரைகள் ஓடத் தொடங்கும் நேரத்தில் இங்கிலாந்து மைதானத்துப் புக்கிகளிடம் இருந்த விலை அது. இங்கே கட்டியவருக்கு அது தெரியவருவது பந்தயம் முடிந்த பிறகு. விலை தெரியாமல் பொருளை வாங்கிவிட்டு, தோற்றால் போச்சு, வென்றால் "இவ்வளவு தருகிறோம்" என்று அவர்கள் சொல்வதை வாங்கிக்கொண்டு வருவது. புறக்கோட்டையில் முழ விலை பேசித் துணி விற்ற மனிசன் அவர்! கடையில் யாராவது அப்படி ஒரு சாறனை வாங்கியிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

இன்னொன்றும் கண்டோம். கொப்பியின் பிற்பகுதிக்குப் போகப் போக, சின்னக் காசைக் கட்டிப் பெரிய காசை எதிர்பார்க்கிற, யாரும் எண்ணாத குதிரைகளின் பெயர்கள் கூடுகின்றன. 1949 இல் கிரிஃபித் என்ற உளவியலாளர் அமெரிக்கப் பந்தய விலைகளை ஆராய்ந்து, வாய்ப்புக் குறைந்த குதிரைகளில் ஆட்கள் அளவுக்கு மிஞ்சிக் காசு போடுகிறார்கள் என்று காட்டினார். மிக மோசமான விலைக்கு விற்கப்படுவது அந்தக் குதிரைகள்தான். விட்ட காசைப் பிடிக்க நினைக்கிறவர் போய் நிற்கிற இடமும் அதுதான்.

கணக்குத் தெரிந்தவர்கள் வென்றிருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. புக்கியே இல்லாமல், கட்டிய காசை எல்லாம் ஒரு பானையில் போட்டு, நடத்துகிறவரின் பங்கைக் கழித்துவிட்டு வென்றவர்களுக்குப் பிரிக்கும் முறையை 1860களில் பாரிசில் ஜோசப் ஒல்லர் கொண்டுவந்தார். 1913 இல் ஒக்லாந்தில் ஜோர்ஜ் ஜூலியஸ் அதற்கென்று ஒரு இயந்திரமே செய்தார். இதில் விலையை எழுதுவது கூட்டம். கூட்டம் பிழைவிடும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று 1980களின் நடுப்பகுதியில் பில் பென்டர் என்ற அமெரிக்கர் கணினியோடு ஹொங்கொங் போனார். முதலில் தோல்வி. பிறகு தன் கணினிக் கணிப்போடு கூட்டம் எழுதிய விலையையும் ஒரு தகவலாகச் சேர்த்தபோதுதான் அவருடைய முறை சரிவந்தது. 1994 இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். வருடக் கணக்கான பந்தயத் தரவு, கணினி, சம்பளத்துக்கு ஆட்கள், தோற்றுத் தாங்கப் பெரிய முதல் என்று அவரிடம் எல்லாம் இருந்தது. எங்கட ஆளிடம் இருந்தது ஒரு சி.ஆர். கொப்பி.

2000 ஆம் ஆண்டில் பெட்ஃபெயர் வந்த பிறகு குதிரை இன்னும் தூரம் போனது. அதில் ஒருவர் குதிரை வெல்லும் என்றும், இன்னொருவர் வெல்லாது என்றும் தங்களுக்குள் விலை பேசலாம். 10/1 இல் நூறு ரூபாவுக்கு வாங்கி, விலை 4/1 ஆக இறங்கியதும் 220 ரூபாவுக்கு விற்றால், குதிரை வென்றாலும் தோற்றாலும் 120 கிடைக்கும். தரகுக் காசு தனி. பந்தயம் தொடங்குவதற்கு முன்னமே வியாபாரம் முடிந்துவிடும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. விலை இறங்காமல் ஏறினால் என்ன நடக்கும் என்பதை இதைப் படிப்பிக்கிறவர்கள் கடைசியில்தான் சொல்வார்கள், சில பேர் சொல்லவே மாட்டார்கள். எங்கட வயதுப் பெடியன்களின் போனில் இப்போது ஓடுவது பெரும்பாலும் கிரிக்கெட். முறை இதேதான்.

சட்டமும் இந்த இடத்தில்தான் தடுமாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1974 இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். வழக்கு இழுபட்டு, 1996 இல் இந்திய உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. குதிரையின் பரம்பரை, பயிற்சி, ஜொக்கியின் ஆற்றல் எல்லாம் அறிந்து கணிக்கலாம் என்பது வாதம். கிண்டியில் குதிரையைப் பார்த்துவிட்டுக் கட்டியவருக்கு அது ஓரளவு பொருந்தும். குதிரையே இல்லாத நாட்டுக் கவுண்டருக்கு? இலங்கைச் சட்டம் இந்த விவாதத்துக்குள் அவ்வளவாகப் போகவில்லை. 1988 இன் 40 ஆம் இலக்கச் சட்டம் புக்கிகள் மேல் வரி போட்டது.

ஃபிக்ஹு நூல்கள் இதைவிட நுணுக்கமாகப் பார்த்திருக்கின்றன என்பது எங்களுக்கே ஆச்சரியம். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியது ஹதீஸில் உண்டு. பழக்கிய குதிரைகளுக்கு நீண்ட தூரம், பழக்காதவற்றுக்குக் குறுகிய தூரம். இப்னு உமர் அதில் ஓடியவர். பரிசை ஆட்சியாளரோ வெளியாள் ஒருவரோ கொடுக்கலாம். ஓடுகிற இருவரும் காசு வைத்து, வென்றவர் எல்லாவற்றையும் எடுப்பது என்றால் கூடாது. காசு வைக்காமல், வெல்லும் தகுதியுள்ள குதிரையோடு மூன்றாமவர் ஒருவர் ஓட வந்தால் ஆகும் என்று பெரும்பாலான இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் குதிரையில் ஏறி ஓடுகிறவரைப் பற்றி. திண்ணையில் இருந்து காசு கட்டுகிறவருக்கு அங்கே இடமே இல்லை.

குதிரை எங்கட ஆக்களுக்கு அந்நியமும் இல்லை. அரேபியாவில் இருந்து கடல் வழியாகக் காயலுக்குக் குதிரை வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அந்தத் துறைமுகத்தில் நின்று குதிரையைத் தொட்டுப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்துத்தான் விலை பேசியிருப்பார்கள்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நிரல் எதுவும் இல்லை. இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்த திகதியும், தொகையும், யாரிடம் என்பதும் மட்டும் அதே நேர்த்தியான எழுத்தில் இருக்கிறது. மீட்ட திகதிக்கு இடம் விட்டிருக்கிறார். அது நிரப்பப்படவில்லை.

நாங்கள் கணக்கெல்லாம் போட்டு முடித்து, மூத்தம்மாவிடம் 115 கதையைச் சொல்லிப் பார்த்தோம். பொறுமையாகக் கேட்டா. "இத அந்தாளு இரிக்கக்குள்ள வந்து செல்லியிருக்கலாமே மனே" என்றா. பிறகு கொப்பியை வாங்கி, பழையபடி தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினா.